குழம்புக்கு மீன் பிடிக்கிறவர்

ஜெனிட்டா, பிரிட்டோ, நீங்கள் இருவரும் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன். உங்கள் மாமா கத்தாருக்குப் போன கதையை நாலு தரம் கேட்டுவிட்டீர்கள். நான் போனது அவ்வளவு தூரம் இல்லை. பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமநாதபுரம், அப்புறம் வாலிநோக்கம், பிறகு வீடு. மூன்று நாள். ஆனால் எனக்கு அது கத்தார் மாதிரித்தான் இருந்தது. கடலில் எவ்வளவோ தூரம் போய் வந்திருக்கிறேன். ஒரு நாற்காலியில் உட்காரவைத்து என்னைப் பற்றி என்னிடமே ஒருவர் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது. பிழை இருந்தால் ஜெனிட்டா திருத்திக்கொள்.

ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாட்டுப்படகில் போகிறவன் மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் கரையில் நிற்க வேண்டும். நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் கடலில் இருப்பேன். மறுநாள் காலையில் மீனை இறக்கி, வலையை அலசி, நான் வீட்டுக்கு வரும்போது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருப்பீர்கள். கடலுக்குப் போகாத நாளில் வலை பொத்துகிற வேலை. ஞாயிறு ஒன்றுதான் நமக்கு. இப்படியே இருபத்திரண்டு வருடம் போய்விட்டது. போன கிறிஸ்துமஸ் சமயத்தில் பிரிட்டோ அம்மாவிடம், "நான் ஆறாங்கிளாஸ்னு அய்யாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டானாம். எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேள்வி முள் மாதிரி உள்ளே போய்த் தங்கிவிட்டது.

அந்த மாதமே கோயிலில் பூசை முடிந்து அறிவிப்பு வாசித்தார்கள். கடலில் கூண்டு போட்டு மீன் வளர்க்கிற கம்பெனி ஒன்று மண்டபத்தில் ஆரம்பிக்கப் போகிறதாம். பெரிய வட்டக் கூண்டை மிதக்கவிட்டு, அதற்குள் வலை கட்டி, கொடுவா மீனும் கடல்விராலும் வளர்ப்பார்கள். வாலிநோக்கத்தில் ஏற்கெனவே நடத்துகிறார்கள். மண்டபத்துக்குக் கடல் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். காலை ஏழு மணிக்குப் போனால் சாயங்காலம் நாலு மணிக்கு விட்டுவிடுவார்கள். மண்டபத்தில் பஸ் ஏறினால் பாலம் தாண்டி அரைமணியில் வீடு. நாலு மணி என்று வாசித்ததற்குப் பிறகு சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

தவக்காலத்தில்தான் கூப்பிட்டார்கள். முதல் நாள், ஒரு பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குத் தலைத்தொட்டப்பனாக, அதாவது ஞானத்தந்தையாக, நிற்க வாங்கிய அந்த ஒரே பேண்ட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கருவாட்டுக் கூடைக்காரம்மா. பாலத்தின் மேல் காற்று ஒரு பக்கமாகத் தள்ள, கூடையின் மூடி பறந்து என் மடியில் விழுந்தது. அவர் என் பேண்ட்டைப் பார்த்துவிட்டு, பெண் பார்க்கவா போகிறீர்கள் என்றார். வேலைக்கு என்றேன். இந்த வயதிலா என்று கேட்டுவிட்டு, பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, ராமநாதபுரம் வரை கூடையைத் தன் பக்கமே இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். இருந்தும் இறங்கும்போது என்மேல் நெத்திலிக் கருவாட்டு வாசம்தான்.

கம்பெனி அலுவலகம் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில். உள்ளே ஏசி. பன்னிரண்டு பேர் வந்திருந்தோம். நமக்கு வரிசை என்றால் ஏலக்கூடத்து வரிசைதான். ஆளுக்கு ஆள் தள்ளுவோம், சத்தம் போடுவோம். அங்கே பன்னிரண்டு பேரும் கோயிலில் முதல் நன்மை வாங்கப் போகிற பிள்ளைகள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குப் படிவம் கொடுத்தவர் சிந்து மேடம். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். எதற்கெடுத்தாலும் 'ங்க' போட்டுப் பேசுவார்.

படிவத்தில் 'முன்பு வேலை பார்த்த நிறுவனம்' என்று ஒரு கட்டம். படகு முதலாளி பெயரை எழுதினேன். 'வேலையை விட்டதற்கான காரணம்' என்று அடுத்த கட்டம். இன்னும் விடவில்லையே, என்ன எழுதுவது? அதைக் காலியாக விட்டேன். பிறகு ஒரு பலகை மாதிரி பெரிய செல்போனைக் கையில் கொடுத்து, கேள்விக்குச் சரியான விடையைத் தொடச் சொன்னார்கள். விடை எனக்குத் தெரிந்தது. தொட்டால்தான் அது கேட்க மாட்டேன் என்கிறது. கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன விரலை அந்தக் கண்ணாடி விரலாகவே மதிக்கவில்லை. அழுத்திப் பார்த்தேன், தேய்த்துப் பார்த்தேன். கடைசியில் சிந்து மேடம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் வாயால் சொல்லச் சொல்ல அவரே தொட்டுக் கொடுத்தார். இருபதில் பதினெட்டு சரி. தவறிய இரண்டும் தீயணைக்கிற சிலிண்டரைப் பற்றியது.

அதற்கப்புறம்தான் நேர்காணல். அங்கேதான் கோட்டைவிட்டேன்.

நம் கரையில் ஒரு வழக்கம் உண்டு. பாடு எப்படி, அதாவது எவ்வளவு மீன் பட்டது என்று யார் கேட்டாலும் நாம் உள்ளதைச் சொல்ல மாட்டோம். படகு முங்குகிற அளவு கொண்டுவந்தாலும், 'என்னத்த, ஏதோ கெடந்துச்சு' என்போம். எங்கே பிடித்தாய் என்றால் கையை எங்கேயாவது காட்டுவோம். உள்ளதைச் சொன்னால் மறுநாள் அந்த இடத்தில் நாற்பது படகு நிற்கும். கண்ணும் படும். கோயிலில், கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரியில் என்று எங்கே கேட்டாலும் இதே பதில்தான். யோசித்துச் சொல்வதே இல்லை, வாய் அதுவாகச் சொல்லிவிடும்.

சிந்து மேடம் கடலில் எத்தனை வருடம் என்று கேட்டார். ஏதோ ஒரு பத்து இருபது வருடம் என்றேன். அப்புறம் கேட்டார்:

"ஒரு நாளைக்கு எவ்வளவு மீன் பிடிப்பீங்க?"

"என்னத்தப் புடிக்க மேடம். ஏதோ கொழம்புக்கு ஆகும்."

"எந்தப் பக்கம் போய்ப் பிடிப்பீங்க?"

"இப்படித் தெக்கதான்."

நான் கை காட்டிய இடத்தில் அவருடைய பீரோ இருந்தது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார். நல்லவேளை, சீக்கிரம் முடிந்தது என்று நான் சந்தோஷமாக வெளியே வந்தேன்.

மத்தியானம் பக்கத்து மெஸ்ஸில் சாப்பாடு. தவக்காலம் என்பதால் கறி கிடையாது, மீன்குழம்புச் சாப்பாடு சொன்னேன். விளைமீன் என்று வைத்தார்கள். வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது, அது ஐஸ்பெட்டியில் குறைந்தது நாலு நாள் இருந்திருக்கும். நம் வீட்டில் அதைப் பூனைக்கு வைத்தால் பூனை உங்கள் அம்மாவை ஒரு பார்வை பார்க்கும். குழம்பு மட்டும் நன்றாக இருந்தது. சோற்றைக் குழம்போடு பிசைந்து சாப்பிட்டேன்.

எதிரே உட்கார்ந்தவர் முருகேசன். சாயல்குடிக்குப் பக்கத்துக் கிராமம். இருபத்தெட்டு வயது, சம்சாரி வீடு, மிளகாயும் கம்பும் போடுவார்களாம். டிப்ளமோ முடித்தவர். நேர்காணலில் எப்படிப் பேச வேண்டும் என்று யூடியூபில் பத்து நாள் பார்த்துத் தயாரித்து வந்திருந்தார். உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டால், ரொம்ப உழைப்பதுதான் என் பலவீனம் என்று சொல்ல வேண்டுமாம். அப்படியே சொல்லியிருக்கிறார். கடலைப் பற்றிக் கேட்டதற்கு, கடல்தான் எனக்கு வீடு என்றாராம். நான் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு, கையில் எடுத்த அப்பளத்தைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணே, கொழம்புக்கு ஆகும்னா சொன்னீங்க?" என்று இரண்டு தரம் கேட்டார்.

ஐந்து மணிக்குக் கண்ணாடிக் கதவில் பட்டியல் ஒட்டினார்கள். ஏழு பேர் தேறியிருந்தோம். கடல் வேலை என்று ஒரு வரிசை, கரை வேலை என்று ஒரு வரிசை. கடல் வேலையில் முதல் பெயர் முருகேசன். கரை வேலையில் கடைசிப் பெயர் என்னுடையது. எப்படியோ பெயர் இருக்கிறதே என்று அன்று வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அம்மா, கரை வேலை என்றால் என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு வாலிநோக்கத்தில் இருக்க வேண்டும். வைகறையிலேயே கிளம்பி, ராமநாதபுரத்தில் சாயல்குடி பஸ் பிடித்து, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். உங்களுக்குத்தான் தெரியுமே, இருபத்திரண்டு வருடமாக நான் தூங்குவது காலையில்தான். ஏர்வாடி தாண்டியது நினைவிருக்கிறது. அடுத்து கண்டக்டர் தோளைத் தட்டியதுதான்.

"அண்ணே, சாயல்குடி. இதோட பஸ் திரும்புது."

"வாலிநோக்கத்துக்குப் பிரியுற விலக்கு?"

"அது போயி அரைமணி ஆச்சு. நாந்தான் காட்டுக் கத்தாக் கத்துனேனே."

கீழே இறங்கினால் சாயல்குடி பஸ் ஸ்டாண்ட். எங்கு பார்த்தாலும் பனை. நம் பக்கமும் பனை உண்டு, ஆனால் இங்கே அது ஆள்கூட்டம் மாதிரி நிற்கிறது. பஸ் திரும்பிக் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் ஆகும், அதற்கு முன் வேறு பஸ் இல்லை என்றார்கள். முந்தின நாள் சாப்பிடும்போது முருகேசன் நம்பர் வாங்கியிருந்தேன். போன் போட்டேன். நல்லவேளை அப்போதுதான் வண்டியை எடுக்கிறாராம். வரும்வரைக்கும் ஒரு சைக்கிள்காரரிடம் பதநீர் வாங்கிக் குடித்தேன். பனையோலையை மடித்துக் கையில் கொடுத்து ஊற்றுகிறார்கள். அந்த இனிப்பில் தூக்கமும் போனது, கொஞ்சம் பயமும் போனது. இரண்டாவது தரமும் வாங்கினேன்.

முருகேசன் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வாலிநோக்கம் போனது நல்ல பயணம். விலக்கில் திரும்பியதும் இரண்டு பக்கமும் உப்பளம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், கரையெல்லாம் உப்பு அம்பாரம். வெயில் அதில் பட்டுத் திரும்பி வந்து முகத்தில் அடிக்கிறது. கண்ணைத் திறக்க முடியவில்லை. அந்த வெளிச்சத்தில் முழங்கால் வரை ரப்பர் காலணி போட்ட பெண்கள் உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடக் கருப்புக் கண்ணாடி போடவில்லை. நாம் உப்புத் தண்ணீரிலேயே கிடக்கிறவர்கள், ஆனால் உப்பு இவ்வளவு கடினமாக உண்டாகிறது என்று நான் நினைத்ததே இல்லை. முருகேசனின் அம்மாவும் கல்யாணத்துக்கு முன்பு இங்கே வேலை பார்த்தவராம்.

அரைமணி தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். கடற்கரையை ஒட்டித் தகரக் கொட்டகை, ஒரு கண்டெய்னர் அறை. அங்கே பொறுப்பில் இருந்தவர் ஜெயசீலன் சார். கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைக்காரர், கட்டையான ஆள். ஏழு பேரையும் வரிசையாக நிற்கவைத்து, சிந்து மேடம் அனுப்பிய தாளிலிருந்து ஒவ்வொருவரைப் பற்றியும் சத்தமாக வாசித்தார். முருகேசனைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது. என் பெயர் வந்ததும் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"சூசைராஜ், பாம்பன். அனுபவம் குறைவு. குழம்புக்கு மீன் பிடிக்கிறவர்."

எல்லோரும் சிரித்தார்கள். சத்தமாகச் சிரித்தது வாலிநோக்கத்து மீனவர் ஒருவர், கடல் வரிசையில் நின்றவர். நானும் சிரித்துவைத்தேன். அந்த இடத்திலேயே, இல்லை சார், நான் இருபத்திரண்டு வருடம் கடலில் கிடந்தவன், இன்ன மீனை இவ்வளவு கொண்டுவந்தவன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தில் நிற்பவர் கடல்காரர். இங்கே காலையில் சொன்னால் சாயங்காலம் பாம்பன் கரையில் பேச்சாக இருக்கும்.

அன்று பகல் முழுவதும் சான்றிதழ் பார்ப்பது, கண் பார்வை, ரத்த அழுத்தம் என்று போனது. அதற்கு நடுவில் கரை வரிசைக்காரர்களுக்கு வேலையைக் காட்டினார்கள். கொட்டகையில் உட்கார்ந்து சூடை மீனைத் துண்டு துண்டாக நறுக்க வேண்டும், கூண்டு மீனுக்கு அதுதான் தீனி. அதை நான் தூங்கிக்கொண்டே செய்வேன். அப்புறம்தான் அடுத்ததைச் சொன்னார்கள். கரை ஆட்கள் வாலிநோக்கத்திலேயே தங்க வேண்டும், பதினைந்து நாளைக்கு ஒரு தரம் வீட்டுக்குப் போகலாம். மண்டபத்துக்கு எடுப்பது கடல் வரிசையிலிருந்து ஒரே ஒரு ஆள்.

கையில் கத்தி இருந்ததால் குனிந்து நறுக்கிக்கொண்டே இருந்தேன். இப்போது உங்களை ஞாயிற்றுக்கிழமையாவது பார்க்கிறேன். இந்த வேலை கிடைத்தால் அதுவும் பாதியாகிவிடும்.

சாயங்காலம் கடைத்தெருப் பக்கம் போனோம். அங்கே நோன்பு மாதம். பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற நேரம், வாசலில் பெரிய தேக்சாவில் நோன்புக் கஞ்சி. ஊற்றிக்கொடுத்த பெரியவர் என்னைப் பார்த்து, நோன்பா என்றார். நாங்களும் நோன்புதான் பாய், எங்களுக்குத் தவக்காலம் என்றேன். அப்படியானால் இரண்டு அகப்பை என்று ஊற்றினார். எனக்காகக் கறி போடாத கஞ்சி இருக்கிற பானையைத் தேடிப் பார்த்து ஊற்றியது அப்புறம்தான் தெரிந்தது. வெந்தயமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அந்தக் கஞ்சி மாதிரி ஒன்றை நம் வீட்டில் ஒரு நாள் செய்ய வேண்டும்.

கஞ்சியைக் குடித்துக்கொண்டே முருகேசன் சொன்னார். "அண்ணே, ஒண்ணு சொல்லுவேன், யாருகிட்டயும் சொல்லாதீங்க. எனக்குக் கம்மாய்ல நீந்தத்தான் தெரியும். கடல்ல காலு வச்சதில்ல."

"கடல்தான் வீடுன்னு சொன்னீரே."

"வீடியோவுல அப்படித்தாண்ணே சொல்லச் சொன்னாய்ங்க."

நாளைக் காலையில் அவர் கடலுக்குள் இறங்க வேண்டும். கடலில் கிடந்தவன் கரை வரிசையில் நிற்கிறேன், கண்மாயில் நீந்தியவர் கடல் வரிசையில் நிற்கிறார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். சார்கிட்டப் போய் உள்ளதைச் சொல்லும் என்றேன். நீங்க போய்ச் சொல்லுங்களேன் என்றார். இரண்டு பேரும் போகவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை ஃபைபர் படகில் கடல் வரிசைக்காரர்கள் நாலு பேர், ஜெயசீலன் சார், தீனிக் கூடையோடு நான். கூண்டு கிடக்கிற இடம் கரையிலிருந்து அரைமணி ஓட்டம். காற்று லேசாகத்தான் இருந்தது. முருகேசன் பாதி வழியிலேயே வாந்தி எடுத்தார். எலுமிச்சம்பழம் ஒன்று என் பையில் இருந்தது, கொடுத்தேன்.

கூண்டில் அழுக்கு வலையைக் கழற்றிப் புது வலை மாற்ற வேண்டும். அதுதான் பரீட்சை. இரண்டு பேர் மிதவைச் சட்டையோடு தண்ணீரில் இறங்கி, வலையின் அடியை அவிழ்க்க வேண்டும். முதலில் முருகேசன் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் வரும்போது நீவாடு, அதாவது கடலுக்குள் ஓடுகிற நீரோட்டம், கிழக்கே இழுத்துக்கொண்டிருந்தது. கூண்டைக் கட்டியிருக்கிற மிதவைக் கயிறெல்லாம் விறைப்பாக இருந்தது. இப்போது கயிறு தொய்ந்துவிட்டது. ஒரு பாசிக்கொத்து கூண்டுக்குப் பக்கத்தில் போகவும் இல்லை, வரவும் இல்லை, நின்ற இடத்தில் நின்றது. நின்ற நீவாடு திரும்பப் போகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் வலையின் அடியை அவிழ்த்தால் அது மடங்கிக் கூண்டுக்குக் கீழே போகும். உள்ளே இருக்கிற ஆளையும் சேர்த்துச் சுற்றும்.

மீனைப் பற்றிக் கேட்டால் நம் கரையில் யாரும் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா. காற்றையும் நீவாட்டையும் பற்றி அப்படி இல்லை. அதில் சண்டைக்காரனிடம்கூட ஒரு வார்த்தை கூட்டிக் குறைத்துச் சொல்ல மாட்டோம். கூடையைக் கீழே வைத்தேன்.

"சார், இப்ப யாரையும் எறக்காதீங்க. நீவாடு திரும்புது. ஒரு கால்மணி பொறுத்து, அந்தப் பக்கமா அவுப்போம்."

ஜெயசீலன் சார் என்னைப் பார்த்தார், அப்புறம் வாலிநோக்கத்து மீனவரைப் பார்த்தார். அவர் கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து, ஆமாம் சார் என்றார். பொறுத்தோம். பாசிக்கொத்து மெல்ல மேற்கே நகர ஆரம்பித்தது. கயிறெல்லாம் மறுபக்கம் விறைத்தது. கூண்டே ஒரு முறை முனகித் திரும்பியது. பிறகு நானும் வாலிநோக்கத்துக்காரரும் இறங்கி, நான் சொன்ன பக்கத்திலிருந்து வலையை அவிழ்த்தோம். எந்தச் சிக்கலும் இல்லாமல் வந்துவிட்டது. முருகேசன் மேலே நின்று கயிறு இழுத்தார். இழுப்பதில் அவருக்கு நல்ல பலம்.

படகில் ஏறித் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஜெயசீலன் சார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"குழம்புக்கு மீன் பிடிக்கிறவருக்கு இது எப்படித் தெரியும்? இப்போ உள்ளதைச் சொல்லும். கடலுக்குப் போய் எத்தனை வருசம்?"

"இருபத்திரெண்டு."

"ஒரே நாளில் அதிகமாப் பட்டது எவ்வளவு?"

நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் அம்மாவிடம்கூட நான் சொல்லாதது. நாலு மணி, பஸ், பாலம் எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்லும்போதுகூட எனக்கு இப்படி நாக்கு ஒட்டிக்கொண்டதில்லை.

"போன ஐப்பசியில நானூறு கிலோ பாறை மீன் சார். ஒரே வலையில."

வாலிநோக்கத்துக்காரர் உடனே திரும்பினார். "எங்கன?"

"அது மட்டும் கேக்காதீரும்" என்றேன். சார் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது.

கரைக்கு வந்தால் சிந்து மேடம் ராமநாதபுரத்திலிருந்து காரில் வந்து காத்திருந்தார். கடைசிச் சுற்று. கண்டெய்னர் அறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். எனக்கு முன்னால் முருகேசன் போனார். வெளியே வரும்போது முகம் தெளிந்திருந்தது. கடல் எனக்கு வீடில்லை மேடம், கரையில் ஏதாவது கொடுங்கள், எனக்குப் பக்கத்து ஊர்தான் என்று சொல்லிவிட்டாராம்.

நான் உள்ளே போனதும் நானே ஆரம்பித்தேன். முந்தாநாள் சொன்னது சரியில்லை மேடம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார். எங்கள் கரை வழக்கத்தை விளக்கிச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். சிரிக்கவில்லை. அப்புறம் ஒரு கேள்வி போட்டார், அதற்கு மட்டும் நான் தயாராக இல்லை.

"தினமும் எத்தனை மீன் செத்துச்சு, எத்தனை மீன் தீனி எடுக்கலைன்னு நீங்கதாங்க எங்களுக்கு எழுதி அனுப்பணும். இருபத்திரண்டு வருசம் உள்ளதைச் சொல்லாதவர் எழுதுறதை நான் எப்படிங்க நம்புறது?"

மேசைமேல் என் தாள் கிடந்தது, தலைகீழாகக்கூட அந்தக் 'குழம்பு' தெரிந்தது.

"கூண்டு கெடக்குற எடம் ஊருக்கே தெரியும் மேடம். அதுல யாருகிட்ட, என்னத்த மறைக்க? செத்த மீனச் சொல்லாம விட்டா மத்ததும் சாகும். அது நீவாடு மாதிரி. அதுல நான் பொய் சொல்ல மாட்டேன்."

அவர் ஜெயசீலன் சாரைப் பார்த்தார். சார் தலையை ஆட்டினார். மேடம் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு, மேலே ஏதோ எழுதினார். பிறகு, மண்டபத்தில் ஆரம்பிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகலாம், வாலிநோக்கத்தில் கடல் வேலைக்கே எடுத்துக்கொள்கிறோம், இங்கேயே தங்குகிறீர்களா என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். சரி என்று சொன்னால் அன்றைக்கே வேலை.

"மண்டபம்னா வாரேன் மேடம். இங்கனன்னா வரல. பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரத்துல நான் வீட்ல இருக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

போனில் சொல்கிறோம் என்றார்கள்.

வரும் வழியில் கீழக்கரையில் இறங்கி உங்களுக்குத் தொதல் வாங்கினேன். மூன்று நாளில் கிடைத்தது அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன். இலையில் சுற்றிய அந்தக் கருப்பட்டி அல்வாவின் எண்ணெய் கசிந்து, பேண்ட்டில் கறையாகிவிட்டது. பாலத்தில் ஏறும்போது வெயில் சாய்ந்திருந்தது. கீழே நம் படகுகள் வரிசையாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தன. அதில் என் இடத்தில் அன்று வேறு யாரோ நின்றிருப்பார்கள். வேலை வராவிட்டால் நாளைக்கு அங்கே நான் நிற்பேன், அதிலும் குறைவு ஒன்றுமில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தொதலை நீங்கள் தின்ற வேகம் உங்களுக்கு நினைவிருக்கும்.

ஒரு வாரம் போனது. இரண்டாவது வாரமும் போனது. மூன்றாவது வாரம் போன் வந்தபோது நான் கடலில் இருந்தேன். அம்மாதான் எடுத்தாள். மண்டபம், அடுத்த திங்கட்கிழமை, காலை ஏழு மணி. மறுநாள் காலையில் கரையில் இறங்கும்போது அம்மா கருவாட்டுக் களத்துக்குப் போகாமல் எனக்காக நின்றுகொண்டிருந்தாள். முருகேசனும் அன்றைக்கே போன் செய்தார். வாலிநோக்கத்தில் தீனி அடுக்கிவைக்கிற கிட்டங்கியைப் பார்த்துக்கொள்கிற வேலை அவருக்கு. வீட்டிலிருந்தே வண்டியில் போய் வருகிறாராம்.

அந்தத் திங்கட்கிழமை நாலு மணிக்கு விட்டுவிட்டார்கள். சொன்னபடியே விட்டதை என்னால் நம்ப முடியவில்லை. பஸ் பிடித்து, பாலம் தாண்டி, நம் தெருவுக்குள் நான் வரும்போது வெயில் இன்னும் சுவரில் இருந்தது. வீடு பூட்டியிருந்தது. அம்மா கருவாட்டுக் களத்தில். எனக்குச் சாவி கிடையாது. அந்த நேரத்தில் இத்தனை வருடத்தில் நான் வீட்டுக்கு வந்ததே இல்லை, யாரும் எனக்கு ஒரு சாவி செய்துகொடுக்க நினைத்ததும் இல்லை. வாசற்படியில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் நீங்கள் இருவரும் தெருமுனையில் திரும்பினீர்கள். பிரிட்டோ ஏதோ சொல்லிக்கொண்டே வந்தவன், என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான். ஜெனிட்டா, உன் முகம் மாறிப்போனது. நான் வேலையில் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும், அந்நேரத்தில் அய்யா வாசலில் உட்கார்ந்திருந்தால் படகுக்கோ ஆளுக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் உங்களுக்குப் பழக்கம்.

"என்னாச்சுய்யா?" என்றாய்.

"ஒண்ணும் ஆகல தாயி. வேலை முடிஞ்சுருச்சு."

"அதுக்குள்ளயா?" என்றான் பிரிட்டோ.

நீ என் சட்டையைப் பார்த்தாய். வெயிலைப் பார்த்தாய். பிறகு பையைத் திறந்து சாவியை எடுத்தாய். என்னிடம் கொடு, நான் திறக்கிறேன் என்றேன். சாவி சுற்றவில்லை. நீ என் கையை நகர்த்திவிட்டு, கதவைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டு இடது பக்கமாகத் திருப்ப வேண்டும் என்று எனக்குச் செய்து காட்டினாய்.